தொட்டியில் விழுந்த சிவப்பு மாத்திரை

எங்க ஊர் காஞ்சிபுரம். அக்கா முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தப்போ, சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரையை யாருக்கும் தெரியாம துளசித் தொட்டியில் போட்டுக்கிட்டு இருந்தா. வயித்தைப் புரட்டுதாம். "ரத்தம் கம்மின்னா பீட்ரூட் சாப்பிட்டா போச்சு"ன்னு அம்மாவும் சொல்லிட்டாங்க.

அதில் இரும்புச்சத்து மட்டும்தான் இருக்குன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். கூடவே ஃபோலிக் அமிலமும் இருக்கு. அது எதுக்கு?

சிவப்பணுவில் இருந்து ஆரம்பிப்போம். புடவை நெய்து முடிச்சதும் தறியிலிருந்து அறுத்து எடுப்பாங்க. தறி அங்கேயே நிக்கும், புடவை மட்டும் வெளியே போகும். சிவப்பணுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடும். கிடைச்ச இடத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிறைஞ்சிருக்கும். ஆயுள் சுமார் 120 நாள். அதனால் மஜ்ஜை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் அணுக்களைப் புதுசா உருவாக்கணும்.

ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேணும். ஆனா உட்கருவைத் தள்ளுறதுக்கு முன்னாடி அந்த அணு பல தடவை பிரியணும். ஒவ்வொரு தடவையும் டிஎன்ஏவை நகல் எடுக்கணும். அதுக்குத்தான் ஃபோலேட். இரும்பு குறைஞ்சா அணு சிறுத்து வெளுக்கும். ஃபோலேட் குறைஞ்சா பிரிய முடியாமல் பெருத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும்.

இந்தப் பெருத்த அணுக்களைத்தான் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பார்த்தார். 1928ல் பம்பாய்க்கு வந்தவர். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள், ஜவுளி ஆலைப் பெண்கள் உட்பட, கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். 1929ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1931ல் சென்னையில், நாம இன்னைக்கும் கோஷா ஆஸ்பத்திரின்னு சொல்ற திருவல்லிக்கேணி மருத்துவமனையில் வேலை செய்தார்.

சோகை வந்த ஒரு குரங்குக்கு மார்மைட் கொடுத்தப்போ அது தேறியது. மார்மைட்னா, பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கருப்புப் பசை. கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார், அவங்களும் தேறினாங்க. அந்த வருஷமே ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. குறை அந்தப் பெண்களின் உடம்பில் இல்லை, தட்டில்தான் என்பது தெளிவானது.

ஆனா பசைக்குள்ள இருக்கிற பொருள் எதுன்னு அப்போ தெரியாது. 1941ல் அதைக் கீரையிலிருந்து பிரித்தார்கள். லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயரும் வந்தது. அடுத்து அதை ஆய்வகத்தில் செய்யணும். அதைச் சாதித்த லெடர்லி நிறுவன அணிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இளவயதில் இவருடைய சகோதரர்கள் ஸ்ப்ரூ நோயில் இறந்தார்கள். சாப்பாட்டுச் சத்தைக் குடல் உறிஞ்சாத நோய் அது. அதிலும் இதே பெருத்த அணுச் சோகை வரும். 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலம் தயாரானதும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது மருந்தானது. சகோதரர்களுக்குத்தான் கிடைக்கல. அவரும் 1948ல் காலமானார்.

இந்தியாவில் 1970ல் கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் தொடங்கியது. அக்கா தொட்டியில் போட்டது அதோட தொடர்ச்சியைத்தான்.

அவகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேன்ல"ன்னா. அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்க ஆரம்பிச்சா, புரட்டல் குறைஞ்சது. உங்க வீட்டில் யாராவது மாத்திரையை ஒளிச்சு வச்சா, திட்டாதீங்க. எதுக்குன்னு சொல்லுங்க.