கிறேவி என்னும் சொல்லின் வரலாறு



ஆங்கிலம் பேசும் நாடுகள் பல. அவற்றுக்கு இலக்கணம் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் உணவு மேசையில் அமர்ந்த மாத்திரத்தே ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமற் போய்விடுகின்றது. "காலையில் பிஸ்கற்றும் கிறேவியும் உண்டோம்" என்று அமெரிக்கர் ஒருவர் கூறக் கேட்கும் இலண்டன்வாசி, தேநீரோடு கடிக்கும் இனிப்புப் பிஸ்கற்றின்மேல் இறைச்சிச் சாற்றை ஊற்றி உண்டனர் போலும் என்றெண்ணி முகஞ் சுளிப்பார். இவ்விருவருள் எவருடைய ஆங்கிலம் பிழை? ஒருவருடையதும் பிழையன்று என்பதே என் துணிபு.

1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அந்நாட்டுப் பெருமக்களின் அடுக்களையிற் பிரெஞ்சுமொழி குடிபுகுந்தது. 'சோஸ்' என்னும் சொல் அவ்வழி வந்தது. உப்பிடப்பட்டது என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். 'கிறேவி'யும் பிரெஞ்சு வழி வந்ததே. பழைய பிரெஞ்சுச் சமையற் சுவடிகளில் அச்சொல் 'கிறானே' என்றிருந்ததென்றும், கையெழுத்தில் 'ன'கர ஒலிக்குரிய எழுத்தும் 'வ'கர ஒலிக்குரிய எழுத்தும் ஒன்றுபோலத் தோன்றியமையால் படியெடுத்தோர் மாறிப் படித்தனரென்றும் அறிஞர் பலர் கருதுவர். ஏடெழுதுவோரின் கைப்பிழையால் பாடம் மாறுவது நம் சுவடிகளைப் பதிப்பித்தோர் நன்கறிந்த செய்தியன்றோ!

இரண்டாம் றிச்சட் மன்னனின் சமையற்காரர் ஏறத்தாழ 1390ஆம் ஆண்டிற் தொகுத்த நூலொன்றிலே கிறேவி காணப்படுகின்றது. ஆனால் அது இன்றைய கிறேவியன்று. வாதுமைப் பாலில் இஞ்சியும் சீனியும் சேர்த்துச் சிப்பி முதலியவற்றைச் சமைத்த வாசனைக் குழம்பு அது. அக்கால ஆங்கிலேயர் இன்றைய யாழ்ப்பாணத்து உணவைக் கண்டிருப்பின், தம் பேரப்பிள்ளைகளின் உணவைக் காட்டிலும் அதனையே தமக்கு நெருங்கியதென்று கொண்டிருத்தலுங் கூடும். அந்நூலின் பெயரில் வரும் 'கியூரி' என்னும் சொல்லைக் கண்டு, நமது கறி அன்றே இங்கிலாந்து சென்றுவிட்டது எனச் சிலர் மகிழ்வதுண்டு. அது பொருந்தாது, சமையல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வழிச் சொல் அது.

பின்னைய நூற்றாண்டுகளில் வாசனைப் பொருள்கள் ஒதுங்கின. வாட்டிய இறைச்சியிலிருந்து வடியும் சாறே கிறேவி எனப்பட்டது. அதில் மாவைக் கரைத்துத் தடிப்பாக்குவதும் வழக்காயிற்று. யோர்க்சயர்ப் பகுதியில் மா, முட்டை, பால் கலந்து போறணையிற் சுட்ட 'புடிங்'கைக் கிறேவியோடு முதலில் பரிமாறி, இறைச்சியைப் பின்னரே கொணர்வர். வயிறு பாதி நிறைந்தபின் வருவதால் சிறிதளவு இறைச்சி பலருக்குப் போதுமானதாகும். இது வறுமை கற்பித்த முறை. கிறேவியை ஆடம்பரப் பொருளென்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே கதை வேறாகின்றது. அங்கே பிஸ்கற் என்பது, 19ஆம் நூற்றாண்டிற் பரவிய சோடா மாவும் மோரும் சேர்த்துப் பொங்கச் செய்த மென்மையான சிற்றப்பம். 'இருமுறை சுட்டது' என்னும் அச்சொல்லின் மூலப்பொருளுக்கு இது சற்றும் பொருந்தாது. நாம் பிஸ்கற் என்பதை அவர்கள் 'குக்கி' என்பர். 1664இல் ஆங்கிலேயர் கைப்பற்றுமுன் நியூயோர்க் ஒல்லாந்தர் நகரமாயிருந்தது. அவர்தம் மொழியில் சிறு கேக்கைக் குறிக்கும் சொல்லே குக்கி ஆயிற்று. 1796இல் வெளியான அமேலியா சிம்மன்சின் அமெரிக்கச் சமையல் நூலில் அச்சொல் இடம்பெற்றுவிட்டது.

அங்குள்ள கிறேவியோ வெண்ணிறமானது. பன்றியிறைச்சி பொரித்த சட்டியில் எஞ்சிய கொழுப்பில் கோதுமை மாவை வறுத்து, பாலூற்றி, மிளகுத்தூள் தூவிக் காய்ச்சுவர். மரம் அரியும் ஆலைகளின் பெயராலும் அது வழங்கும். கொழுப்புத் துளியும் வீணாகாதபடி உழைப்பாளிக்கு வயிறார உணவளிக்கும் உபாயம் அது. பதப்படுத்திய பன்றித்தொடை பொரித்த சட்டியிற் கறுப்புக் கோப்பியை ஊற்றி எடுக்கும் கிறேவியும் ஒன்றுண்டு. ஆங்கிலேயர் முன்னதை வெண்சோஸ் என்பர்; பின்னதற்கு அவரிடம் பெயரே இல்லை.

இத்தாலியிலிருந்து அமெரிக்காவிற் குடியேறியோரின் வழித்தோன்றல்களிற் பலர், இறைச்சியோடு பல மணிநேரம் காய்ச்சிய தக்காளிக் குழம்பையே கிறேவி என்கின்றனர். 'சோஸ்' என்பதே சரியென்று வேறு குடும்பத்தார் வாதிடுவர். சாறு என்னும் பொருள்படும் 'சூகோ'வை அவர்தம் முன்னோர் மொழிபெயர்த்த வகை இது. இறைச்சிச் சாறு கலந்ததைக் கிறேவி என்றதிற் தவறென்ன இருக்கின்றது? அவுஸ்திரேலிய இறைச்சிக் கடையிலோ, நெடுநேரம் வேகவைத்தற்குரிய மாட்டுக் கால்தசைக்கே கிறேவி இறைச்சி என்று பெயர்.

இனி நம் பக்கம் வருவோம். இலங்கையிலும் இந்தியாவிலும் ஆங்கிலம் பேசுவோர், கறியின் குழம்பைக் கிறேவி என்பர். மாணாக்கன் கட்டுரையில் இவ்வாறு எழுதினால், "இது ஆங்கிலேயர் வழக்கன்று" எனச் சிவப்பு மையாற் கோடிடும் ஆசிரியர் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடைத்தாள் திருத்திவருபவன் என்ற முறையில் நான் அக்கோட்டை இடுவதில்லை. தென் அமெரிக்க மாநிலத்துக் குடியானவனுக்கும் இத்தாலியப் பாட்டிக்கும் உள்ள உரிமை, வவுனியாப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லாமற் போகவேண்டும்? மேலும், நம் சொல்லை அவர்கள் கொண்டுபோய் என்ன செய்தனர் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

சங்க நூல்களிற் கறி என்பது மிளகையும் குறித்தது. இன்றைய தமிழகத்திற் பலர் வாயில் அது இறைச்சி. நமக்கோ சோற்றோடு சேரும் மரக்கறியும் கறியே. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், சோற்றுக்குச் சுவையூட்டும் துணையுணவாகக் கறியைக் குறிப்பிட்டு, அதனைப் போர்த்துக்கேயர் சொல்லென்றே கூறுகின்றார். 1747இல் ஹன்னா கிளாஸ் அம்மையார், கோழியோ முயலோ கொண்டு ஆக்கும் கறியொன்றை எழுதினார். அதற்குரிய கொத்தமல்லியைத் தூய்மையான மண்வாரியில் இட்டு நெருப்பில் வறுக்கும்படி அவர் பணிக்கின்றார்! மிளகாய் அதில் இல்லை.

மிளகுதண்ணிக்கு நேர்ந்தது இன்னும் விந்தை. நீரும் மிளகும் புளியுமாய்ச் சளிக்கு நாம் பருகுவதை, சென்னைப் பட்டினத்து ஆங்கிலேயர் உணவின் முதற் பதார்த்தமாக்கினர். கோழியும் கறித்தூளும் சேர்ந்தன. சிலர் மாவும், சிலர் அப்பிளும் சேர்த்தனர். தண்ணி என்னும் பெயரைச் சுமந்துகொண்டே அது தடித்த சூப்பாகி, தகரப் பேணியில் அடைபட்டு இங்கிலாந்துக் கடைகளில் விலைப்படலாயிற்று.