காற்று வந்தது, ஊர் வரவில்லை

போன விடுமுறையில நாங்க நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம், கடலுக்குப் போறவங்களுக்கு ஒரு சின்னச் செயலி செய்யப் பார்த்தோம். கற்பிட்டி, முந்தல், உடப்பு என்று ஊர்ப் பெயரைத் தொட்டால் அந்த இடத்துக் காற்று தெரியவேண்டும். அவ்வளவுதான்.

காற்று லேசா வந்துட்டுது. ஊரின் அகலக்கோடு, நெடுங்கோடு போட்டு வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றைக் கேட்டோம். பதில் ஜேசனில் வந்தது. 270 பாகை என்றால் கச்சான், 180 என்றால் சோழகம்.

இப்படி முகவரி வழியாகக் கேட்டு வாங்கும் முறைக்கு ரெஸ்ட் என்று பெயர் வைத்தவர் ரோய் ஃபீல்டிங், 2000இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில். சேவையகம் பழைய கதையை ஞாபகம் வைத்திருக்காது. ஒவ்வொரு கேள்வியும் தனக்கு வேண்டிய விபரத்தைத் தானே சுமந்து போகவேண்டும். அடுத்த வருடம் டக்ளஸ் குரோக்ஃபோர்டும் சிப் மோர்னிங்ஸ்டாரும் முதல் ஜேசன் செய்தியை அனுப்பினார்கள். புதிதாக ஒன்றும் செய்யவில்லை, ஜாவாஸ்கிரிப்டுக்குள் கிடந்ததைக் கண்டெடுத்தேன் என்பதுதான் குரோக்ஃபோர்டின் கதை. (எங்களுக்கு இந்த அடக்கம் பிடிச்சிருக்கு.)

நாங்க மினக்கெட்டது எங்கட ஊர்ப் பெயர்களோடதான். கையில் கிடைத்த பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி என்றால் ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ்ச் சட்டை. கண்ணுக்குப் ‘புத்தளம்’, உள்ளே ஜி, ஜே, அரைப்புள்ளி, ஜே, எஸ், கே, அரைப்புள்ளி. ஜேசன் அந்த ஏழையும் ஒன்றும் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாமினி இல்லாத போனில் அது எந்த ஊருமே இல்லை.

யுனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. வெவ்வேறு அமைப்புகளுக்கு இடையே போகும் ஜேசன் யுடிஎஃப்-8இல்தான் இருக்கவேண்டும் என்று 2017இல் வந்த தரம் கட்டாயமாக்கியது. ஆனால் பழைய கோப்புகளைத் தரம் வந்து மாற்றித் தராது, அதை யாராவது உட்கார்ந்து செய்யவேண்டும்.

மாற்றினோம். அப்புறம் அடுத்த சிக்கல்: ஒரு வரியில் ‘கற்பிட்டி’, இன்னொரு வரியில் ‘கல்பிட்டி’. நமக்கு ஒரே ஊர், நிரலுக்கு ரெண்டு. செயலியில் இது சிரிப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை மென்பொருளாளர்கள் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை உருவாக்கினார்கள். காணாமல்போனவர்களைத் தேடுவதற்கென்றே அதில் ஒரு பகுதி இருந்தது. அந்த மாதிரிப் பட்டியலில் ஒரு ஆளின் பெயர் இப்படி ரெண்டாகப் பிரிந்தால், தேடுற தாய்க்கு என்ன பதில் போகும்?

இப்ப ஒவ்வொரு ஊருக்கும் ஒரு எண், அதன் கீழே சனம் எழுதுகிற எல்லா எழுத்துக்கூட்டலும். உடப்பு வரை முடிச்சாச்சு.