துஞ்சிய தேவரும் ஒரு தண்ணீர்ப் பந்தலும்

வாலிகண்டபுரம் வாலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சோழர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியோர் அறிவர்: அரசன் பெயரும் ஆட்சியாண்டும் சொல்லாமல் அவை பேச்சைத் தொடங்குவதில்லை. நிலம் விற்றாலும், நந்தா விளக்குக்கு ஆடுகள் விட்டாலும், காலத்தை அளக்கும் கோல் அரசனே. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒருவனே ஆண்டால், ஒரு தலைமுறைக்கு அவனே நாட்காட்டி ஆகிவிடுகிறான். அந்த நாட்காட்டி ஒருநாள் கிழிந்துபோனால் மக்கள் எவ்வாறு துயருற்றனர்?

இந்தக் கேள்விக்குத் தக்க அரசன் இவ்வட்டாரத்திலேயே இருக்கிறான். இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன், 1012-இல் தந்தையோடு இணைந்து ஆட்சிக்கு வந்து 1044-இல் மறைந்தான். கங்கை வரை படை செலுத்தியவன், கடாரத்துக்குக் கலம் விட்டவன் என அவனுடைய மெய்க்கீர்த்தி அடுக்கிக்கொண்டே போகிறது. ஆனால் மெய்க்கீர்த்தி வெற்றிகளின் பட்டியல், இரங்கற்பா அன்று.

சங்க காலத்தில் நிலைமை வேறு. பாரி இறந்தபோது அவன் மகளிரும், அதியமான் வீழ்ந்தபோது ஔவையும் பாடிய கையறுநிலைப் பாடல்களில் மன்னனின் இறப்பு ஒரு வீட்டின் இழவாகவே ஒலிக்கிறது. சோழப் பேரரசின் கல்லில் அந்தக் குரல் அடங்கி, ஒரு சொல் மட்டும் எஞ்சுகிறது: 'துஞ்சின'. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. போர்க்களத்தில் மாண்ட இராசாதித்தன் 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்னும் புறநானூற்றுக் காலப் பெயர் வழக்கின் தொடர்ச்சி இது. இறந்த இடத்தைச் சொல்வார்கள். இறந்தான் என்று சொல்லமாட்டார்கள்.

ஆண்டுக் கணக்கும் இதற்குத் துணைநின்றது. இராசேந்திரன் தன் மகன் இராசாதிராசனுக்கு 1018-லேயே இளவரசுப் பட்டம் சூட்டிவிட்டான். எனவே தந்தை மறைந்த ஆண்டு, மகனுக்கு இருபத்தாறாம் ஆட்சியாண்டாக இயல்பாக நடந்துகொண்டிருந்தது. அரசன் சாகலாம்; அரசு ஒருநாளும் சாகக்கூடாது என்பதே ஏற்பாடு.

அப்படியானால் துயரம் எங்கே போயிற்று? செய்யாற்றுப் பக்கம் பிரம்மதேசத்துக் கோயிலில், அந்த இருபத்தாறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று விடை வைத்திருக்கிறது. இராசேந்திரனின் உடல் அடக்கம் செய்யப்பட்ட அதே குழியில் அவன் தேவி வீரமாதேவியும் புகுந்து உயிர்நீத்தாள். அவளுடைய உடன்பிறந்தானாகிய சேனாபதி மதுராந்தகன் பரகேசரி வேளான், அவர்களின் தாகம் தணியத் தண்ணீர்ப் பந்தலுக்கு அறம் வைத்தான்.

இச்செய்தியைத் தியாகம் என்று வாழ்த்திக் கடந்துபோக நம்மால் இயலவில்லை. சுந்தர சோழனின் தேவி வானவன்மாதேவி, பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து கணவனோடு மாய்ந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்ந்து பாடுகிறது. பேரரசனின் மரணத்துக்கான விலையை அரண்மனைப் பெண்கள் உயிராகச் செலுத்தினர். அதைப் புகழ்ந்த சொற்கள் பல. அந்தப் பெண்ணுக்காக வருந்திய சொல் அரிது.

பிரம்மதேசத்துக் கல் நம்மை நிறுத்துவது அதனால்தான். வேளான் சேனாபதி, படை நடத்தியவன். அவன் நினைத்திருந்தால் வெற்றித்தூண் நாட்டியிருக்கலாம். அவனோ தாகத்தை நினைத்தான். மண்ணுக்குள் இறங்கிய தங்கையோ தமக்கையோ நா வறண்டிருப்பாள் என்று ஓர் உடன்பிறப்பின் நெஞ்சு பதறியிருக்கிறது. அரசனுக்கான இரங்கலைத் தேடிப் போன நமக்கு, அரசிக்கான இரங்கலே கிடைக்கிறது.

2022 செப்டம்பரில் எழுபதாண்டு ஆண்ட இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் மறைந்தபோது, இந்தியாவிலும் ஒருநாள் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. மறுநாள் ஏறிவிட்டன. அரசுகளின் துக்கம் அவ்வளவே. கோடை பிறந்தால் நம் ஊர்ச் சாலையோரங்களில் முளைக்கும் தண்ணீர்ப் பந்தல்களோ, யாரோ ஒருவரின் நினைவைச் சுமந்தபடி இன்றும் நிற்கின்றன. மண்குவளையை வாங்கிக் குடிப்பவனுக்கு இறந்தவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. தாகம் தணிந்தால் போதும்.