சவப்பெட்டிக்காரரும் ஒரு துண்டு ரொட்டியும்

'பேலியோ', 'லோ கார்ப்'னு யாராவது வாயைத் திறந்தாலே நம்மாளுங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடுவாங்க. "இதெல்லாம் நேத்து வந்த ஃபேஷன், ரெண்டு மாசத்துல காணாமப் போயிடும்" - இது முதல் கோஷ்டி. "கற்காலத்துல மனுஷன் இப்படித்தாங்க சாப்பிட்டான்" - இது ரெண்டாவது. எனக்கு என்னவோ இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கும் ஒரு லண்டன்காரர் மேலதான் கண்ணு. டயட்டை ஆரம்பிக்கறது எப்படி, அதைவிட முக்கியமா, விடாம பிடிச்சுக்கறது எப்படின்னு அவர்கிட்ட கத்துக்க நிறைய இருக்கு.

பேரு வில்லியம் பேண்டிங். 1796ல் பிறந்தவர். டாக்டரும் கிடையாது, விஞ்ஞானியும் கிடையாது. சவ அடக்கத்துக்கு வேண்டிய எல்லா ஏற்பாட்டையும் செய்து கொடுக்கிற குடும்பம். அதுவும் சாதாரணப்பட்ட குடும்பமில்லை, அரண்மனைக்கே இவங்கதான். 1852ல் வெலிங்டன் கோமகன், 1861ல் விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் என்று பெரிய பெரிய இறுதி ஊர்வலங்களை நடத்திக் கொடுத்தவர்கள்.

ஆளு உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஆகஸ்டில் எடை 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படி இறங்கும்போது முட்டி தாங்காதுன்னு பின்பக்கமா திரும்பி ஒவ்வொரு படியா இறங்குவாராம். அவரே எழுதி வெச்சிருக்கார்.

சோம்பேறின்னு நினைச்சுடாதீங்க. விடியக்காலையில் எழுந்து ஆத்துல படகு துடுப்பு போட்டார். உடம்புல தெம்பு வந்தது, கூடவே பசியும் வந்தது, எடை இன்னும் ஏறிடுச்சு :-) குதிரை சவாரி, கடல் காத்து, துருக்கிக் குளியல், மருந்து ஊற்றுத் தண்ணி எல்லாம் பார்த்தாச்சு. பெரிசா ஒண்ணும் நடக்கலை. "வயசானா உடம்பு போடறது சகஜம்தானே"ன்னு ஆறுதல் சொன்ன டாக்டரும் உண்டு. (இந்த டாக்டர் இன்னிக்கும் எல்லா ஊரிலும் இருக்கார்!)

கடைசியில் வழி கிடைச்சது காது மூலமா. காது சரியா கேக்காம போயிட்டிருந்தது. வழக்கமா பாக்கிற காது டாக்டர் லீவுல போயிட்டதால வில்லியம் ஹார்வின்னு இன்னொரு காது மருத்துவர்கிட்ட போனார். ஹார்வி கொஞ்ச வருஷம் முன்னாடி பாரிஸ் போயிருந்தப்போ கிளாட் பெர்னார்டின் சொற்பொழிவுகளைக் கேட்டவர். கல்லீரலே சர்க்கரையை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்த மகானுபாவர் இந்த பெர்னார்ட். நீரிழிவுக்காரர்களுக்கு மாவும் சர்க்கரையும் குறைத்தால் பலன் இருக்கிறது, மாடு பன்றியைக் கொழுக்க வைக்கவும் மாவுத் தீனிதான் போடுகிறோம், அப்படின்னா மனுஷன் குண்டாவதற்கும் அதுதானே காரணமா இருக்கணும்? இதுதான் ஹார்வியின் கணக்கு. பேண்டிங்கோட காதையும் கொழுப்புதான் அழுத்துதுன்னு முடிவு பண்ணி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு - இந்த ஆறையும் விடச் சொல்லிட்டார்.

அதுவரை பேண்டிங்கோட சாப்பாடே அதுதான். காலையில் பாலும் சர்க்கரையும் கொட்டின டீ, வெண்ணெய் தடவின டோஸ்ட். மதியம் கறி, பீர், நிறைய ரொட்டி. "அப்ப நான் எதைச் சாப்பிட்டு உயிர் வாழறது?"ன்னு அவர் பயந்ததில் ஆச்சரியமே இல்லை. நம்மாளுகிட்ட சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாத்தையும் விடுன்னு சொன்னா எப்படி முழிப்பான்!

புதுப் பட்டியல் இப்படி: காலையில் 4, 5 அவுன்ஸ் (சுமார் 113-142 கிராம்) கறியோ மீனோ, பால் சர்க்கரை இல்லாத டீ. மதியம் 5, 6 அவுன்ஸ் மீன் அல்லது கறி, உருளை தவிர எந்தக் காயும், ரெண்டு மூணு கிளாஸ் ஒயின். சாயங்காலம் கொஞ்சம் பழம், ஒண்ணு ரெண்டு ரஸ்க், டீ. ராத்திரி மறுபடி கறியோ மீனோ, கூட ஒயின். இதுல நல்லா கவனிக்க வேண்டிய விஷயம், காலையிலும் மதியமும் ஒரே ஒரு அவுன்ஸ் காய்ந்த டோஸ்ட் உண்டு. அதாவது 28 கிராம். ரொட்டியை விட்ட மனுஷனுக்கு ரொட்டியை அடியோட பிடுங்கலை!

ஒரு வருஷம் கழிச்சு எடை 156 பவுண்டு. 46 பவுண்டு, சுமார் 21 கிலோ போயிருந்தது. இடுப்பு 12¼ அங்குலம் குறைஞ்சது. படியில் நேரா இறங்கினார். காதும் நல்லா கேட்டது. சந்தோஷத்துல 1863ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டு சும்மாவே கொடுத்தார். அப்புறம் கேட்டவங்க அதிகமானதும் விலைக்கு வந்தது. 'பேண்டிங்' என்பதே ஆங்கிலத்தில் டயட் இருப்பதற்கான வினைச்சொல் ஆகிப்போச்சு. சுவீடிஷ் மொழியில் இன்னிக்கும் டயட் இருப்பதற்கு 'பாண்டா'தான்.

மருத்துவ உலகம் சும்மா இருக்குமா? பத்திரிகைகளில் போட்டுத் தாக்கினாங்க. இதுல புதுசு ஒண்ணும் இல்லைன்னு ஒரு பக்கம், ஆபத்துன்னு இன்னொரு பக்கம். புதுசு இல்லைங்கறது உண்மைதான். 1825லேயே பிரில்லா-சவாரின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் மாவுப்பண்டம்தான் உடம்பு போடக் காரணம்னு எழுதிட்டார். பேண்டிங் பதிலுக்குத் தத்துவம் பேசலை. எனக்கு இப்படி நடந்ததுன்னு மட்டும் சொன்னார். 1878ல் 81 வயசுல இறக்கும் வரை அந்தப் பேச்சிலிருந்து மாறவே இல்லை.

எனக்கு சுவாரசியம் அந்தக் கடைசி 16 வருஷத்துலதான். 21 கிலோ குறைச்ச ஆளுங்க நிறைய பேரைப் பார்த்திருக்கோம். குறைச்சதைக் காப்பாத்தினவங்க எத்தனை பேர்? பேண்டிங்கால் எப்படி முடிஞ்சது?

ஒண்ணு, பட்டினி கிடக்கலை. ஒரு நாளைக்கு நாலு வேளை. எவ்வளவு சாப்பிடறோங்கறதைப் பசி பார்த்துக்கும், எதைச் சாப்பிடறோங்கறதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. ரெண்டு, அவசரப்படலை. வாரத்துக்குச் சராசரியா 400 கிராம்தான். சுமார் மூணு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துத் தேதி போட்டு எழுதி வெச்சார். மூணு, பலனைத் தராசுல மட்டும் பார்க்கலை. லேஸ் கட்ட முடியுதா, படி இறங்க முடியுதா, காது கேக்குதா? இந்தச் சந்தோஷம் தினமும் கிடைக்கும். நாலு, அந்த ஒரு அவுன்ஸ் ரொட்டி.

இதையேதான் பின்னாடி வந்த ஆராய்ச்சிகளும் சொல்லுது. 2005ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 160 பேரை நாலு டயட்டுல விட்டாங்க. குறைமாவு அட்கின்ஸும் அதில் ஒண்ணு. வருஷக் கடைசியில் அட்கின்ஸ் கோஷ்டியில் மிஞ்சினது 53 சதவீதம். எந்த டயட்டுங்கறதைவிட எவ்வளவு ஒழுங்கா கடைப்பிடிச்சாங்கங்கறதுதான் எடையை முடிவு பண்ணுச்சு. 2018ல் 609 பேரை வெச்சு செஞ்ச ஆய்வில், ஒரு வருஷத்தில் குறைமாவுக்காரர்கள் சராசரியா 6 கிலோ, குறைகொழுப்புக்காரர்கள் 5.3 கிலோ குறைச்சிருந்தாங்க. பெரிய வித்தியாசம் இல்லை. கற்கால மனுஷனை சாட்சிக்குக் கூப்பிடறவங்களும் ஃபேஷன்னு ஒதுக்கறவங்களும் இதைப் பார்க்கணும்.

2010களில் முகநூல் குழுக்கள் மூலமா நம்மூர்ல பேலியோ பரவினப்போ, பாதாம், முட்டை, பட்டர் டீன்னு எங்க சொந்தத்துலயும் ஒரு அலை அடிச்சது. அத்தை பையன் ஒருத்தன் முதல் நாளே அரிசி டப்பாவைத் தூக்கிப் பரண்ல வெச்சான். பதினோராம் நாள் டப்பா கீழ இறங்கிடுச்சு.

எங்கப்பாவுக்குப் பதினைஞ்சு வருஷமா சுகர். "எல்லாத்தையும் விடறேன், காலைல ரெண்டு இட்லி மட்டும் விடமாட்டேன்"னு ஒரே பிடிவாதம். டாக்டர்கிட்ட கேட்டு, மாத்திரை அளவைச் சரிபார்த்துட்டு, மதியமும் ராத்திரியும்தான் கை வெச்சோம். சோறு ஒரு கரண்டி, மீதி தட்டு நிறைய காய், மீன், முட்டை. ரெண்டு வருஷம் முடியப்போகுது. இன்னும் நடக்குது. அந்த ரெண்டு இட்லிதான் அவருக்கு பேண்டிங்கோட டோஸ்ட்னு நான் நினைச்சுக்கறேன்.

டயட் ஆரம்பிக்கிற மக்கள், எதையெல்லாம் விடப்போறோம்னு லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி எதை விடவே மாட்டோம்னு ஒரு வரி எழுதிடுங்க. அதுக்கு அளவும் போட்டுடுங்க. உங்க ஒரு அவுன்ஸ் எதுன்னு வந்து சொல்லுங்க, கேக்க ஆசை.

டிஸ்கி: சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காம மாவுச்சத்தைத் திடீர்னு குறைக்காதீங்க, சர்க்கரை ரொம்ப இறங்கிடும். அப்புறம், அந்த ஒயின் கணக்கு பேண்டிங்கோடது மட்டும், நான் சிபாரிசு பண்ணலை சாமி :-)