நீரா புளிப்பது ஏன்? ஷெர்ரி ஒயின் தரும் விளக்கம்

குத்தாலம் பகுதி தென்னை விவசாயிகளே! பாளையிலிருந்து இறக்கிய நீரா சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். தமிழகத்தில் கள்ளுக்குத் தடை உள்ளதால், உரிமம் பெற்று நீரா இறக்குபவருக்கும் அது சிக்கல்தான்.

நொதித்தல்: ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். ஆல்கஹால் அளவு கூடினால் ஈஸ்ட் அடங்கிவிடும். திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவூட்டும் ஒயின்களின் அடிப்படை இதுவே.

ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் பலோமினோ திராட்சைச் சாற்றை முழுதாக நொதிக்கவிட்டு, பிறகு சாராயம் சேர்க்கின்றனர்.

* ஃபினோ: சுமார் 15% ஆல்கஹால். மேலே ஈஸ்ட் ஆடை படர்ந்து காற்றைத் தடுக்கும். வெளிர் நிறம்.
* அமொண்டியாடோ: முதலில் ஆடையின் கீழ், பிறகு காற்றுபட்டு முதிரும்.
* ஒலொரோசோ: 17%க்கு மேல். ஆடை படராது. அடர் பழுப்பு நிறம்.
* பெத்ரோ ஹிமெனெஸ்: வெயிலில் உலர்த்திய திராட்சையில் தயாராகும். மிகுந்த இனிப்பு.

போர்ச்சுகலின் போர்ட் ஒயினில் நொதித்தலின் பாதியிலேயே சாராயம் சேர்ப்பதால் இனிப்பு தங்கிவிடும்.

நீராவில் சாராயம் சேர்க்க முடியாது. நம் வழி குளிர்ச்சியும் சுண்ணாம்பும். பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஈஸ்டை அடக்கவே. காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஐஸ் பெட்டியில் நீரா சேகரிக்கும் முறையை உருவாக்கியுள்ளது.

செய்ய வேண்டியவை:

1. பாத்திரத்தை வெந்நீரில் கழுவுங்கள்.
2. இறக்கியவுடன் வடிகட்டிக் குளிரில் வையுங்கள்.
3. விற்காததை அன்றே காய்ச்சிச் சர்க்கரையாக்குங்கள்.
4. நுரைத்துப் புளித்ததை நீரா என்று விற்காதீர்கள்.