எழுதினவன் பெயர் எங்கே? ஆனைமங்கலம் செப்பேடு முதல் ஆன்லைன் வரித்தாக்கல் வரை

ஜூலை மாசம் திருக்கடையூர் சன்னதித் தெருவில் நடந்தீங்கன்னா இரண்டு கூட்டம் தெரியும். ஒண்ணு, அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம்னு வந்து மாலையும் கழுத்துமா நிற்கிற குடும்பங்கள். இன்னொண்ணு, ஜெராக்ஸ் கடை வாசலில் பான் கார்டும் ஆதாரும் கையில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பென்ஷன்காரர்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வந்தவங்க.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இதே மாதிரி ஒரு கடையில் இரண்டு வருஷம் கணக்குப் போட்டார். எந்த ஊர், எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. "சார், மத்தவங்களை விட உங்களுக்கு ரீஃபண்டு அதிகமா வாங்கித் தர்றேன், வர்றதுல ஒரு பங்கு எனக்கு" என்று பேச்சு. பணமும் வந்தது. மூணாவது வருஷம் சொந்தக்காரப் பையன் ஒருவன் போர்ட்டலைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. வாத்தியார் ஒரு அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. "நான் கட்சி மீட்டிங் பக்கமே போனதில்ல தம்பி" என்றார் பாவம். பதிவில் இருந்த மின்னஞ்சல் முகவரி அவருடையதே இல்லை. கடைக்காரர் உருவாக்கியது. துறை அனுப்பிய செய்தியெல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்குள் கிடந்தது.

கடைசியில் திருத்திய கணக்குப் போட்டு, வரி, வட்டி, அதுக்கு மேல கூடுதல் வரி எல்லாம் கட்டினார். அவரை அதிகம் வருத்தியது பணம் இல்லை. "என் பேர்ல பொய்க் கணக்கு இருக்கு. எழுதினவன் பேரு அதுல எங்கயும் இல்லையே" என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் பதிவு அதிலிருந்து வந்ததுதான்.

செப்பேட்டில் இருந்த பெயர்கள்

திருக்கடையூருக்குத் தெற்கே நாகப்பட்டினம். அங்கே இருந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். ஆவணம் இன்று லெய்டன் செப்பேடு என்று அறியப்படுகிறது. நிலம் 97 வேலிக்குக் கொஞ்சம் மேல். அந்த ஊர் கட்ட வேண்டிய காணிக்கடன் 8,943 கலம் நெல்லும், அதன் மேல் சில்லறையாக இரண்டு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழியும். எட்டாயிரம் கலத்தைத் தாண்டிய கணக்கில் ஒரு நாழி நெல்லைக்கூட விட்டுவிடவில்லை, பார்த்தீர்களா!

ஆனால் எனக்கு அந்தத் துல்லியத்தை விட முக்கியமாகப் படுவது வேறு. மன்னன் வாயால் சொன்னதைக் கேட்டு எழுதுகிறவர் ஒருவர். அதைச் சரிபார்க்கும் ஓலைநாயகங்கள் சிலர். பிறகு ஆணை புரவுவரித் திணைக்களத்துக்குப் போகும். இன்றைய பேச்சில் சொன்னால் வருவாய்த்துறை. அங்கே வரிப்பொத்தகம் வைத்திருப்பவர், முகவெட்டி என்று ஒவ்வொரு படியிலும் ஆள் உண்டு. வரியிலிடும்போது உடன் இருந்தவர்கள் யார் யார் என்று ஆவணம் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஒரு எண் தப்பானால் யாரைக் கேட்க வேண்டும் என்பது செப்பேட்டிலேயே இருக்கிறது.

இதற்கு எண்பது வருஷத்துக்கும் மேல் முந்தைய உத்திரமேரூர் கல்வெட்டுகள் (919, 921) இன்னும் ஒரு படி மேலே போகின்றன. குடவோலை முறைக்காக நாம் பள்ளியில் படித்த அதே கல்வெட்டுகள்தான். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர் மட்டுமல்ல, நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. கணக்கு எழுதுகிறவருக்குத் தனி விதி. அவர் எழுதிய கணக்கை அவரே கொண்டுவந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கனை விட்டு முடிக்கக் கூடாது. காட்டி, சுத்தம் என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் மறுபடி கணக்கு எழுதலாம்.

கர்ணம் வீட்டுத் திண்ணை

1799இல் தஞ்சைச் சீமை கம்பெனி கைக்கு வந்தது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் தனிக் கணக்கு. அந்தக் கணக்கை எழுதியவர் ஊர்க் கர்ணம். எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிர், ஒருபோகமா இருபோகமா, விளைந்ததா வெள்ளத்தில் போனதா, எல்லாம் அடங்கலில் ஏறும். அதை வைத்து ஜமாபந்தியில் கிஸ்தி நிர்ணயம் ஆகும், வஜாவும் கிடைக்கும். காவிரி டெல்டா மாதிரி ஒரு வருஷம் தண்ணி வந்து ஒரு வருஷம் வராத ஊரில், அடங்கலில் ஒரு வரி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும், இல்லன்னா கவிழ்க்கும்.

இங்கே எழுதினவன் பெயர் ஊருக்கே தெரியும். அப்புறம் என்ன குறை? அவரைச் சரிபார்க்க ஊருக்குள் ஆள் இல்லை. 1895ஆம் வருஷத்துச் சட்டப்படி பல ஊர்களில் அந்தப் பதவி பரம்பரையாக வந்தது. கணக்குப் புத்தகம் பெரும்பாலும் அவர் வீட்டில்தான் இருந்தது. பசலி என்றால் என்ன, சிட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று உழுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது. பெயர் தெரிந்தும் கேள்வி கேட்க முடியாத நிலை. எல்லாக் கர்ணமும் மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்லவராக இருந்தால் ஊர் பிழைத்தது. ஆனால் ஒரு ஆளின் நல்ல மனசை நம்பி மட்டுமே ஓடுகிற ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

பரம்பரை உரிமை அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்று ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் அடிபட்டது இதே 1895ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம்தான். தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒரே அடியாக ஒழித்தது. வழக்குப் போனது. 1982இல் உச்ச நீதிமன்றம் அரசு செய்தது செல்லும் என்றது. கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்தார். தேர்வு எழுதி வருகிறவர், மாற்றல் ஆகிறவர். இன்று பட்டாவும் சிட்டாவும் அ பதிவேடும் கைப்பேசியிலேயே பார்க்கலாம். திண்ணையிலிருந்து கணக்கு வெளியே வர இவ்வளவு காலம் ஆனது.

இரண்டாவது திண்ணை

வருமான வரி 1860இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தது. 1886 சட்டம் விவசாய வருமானத்தை விலக்கியது. அந்த விலக்கு இன்றுவரை தொடர்கிறது. அதனால் நம்ம பக்கத்து மிராசுதாருக்குக் கிஸ்தி தெரியும், வருமான வரி அவ்வளவாகத் தெரியாது. பிள்ளைகள் சம்பளத்துக்குப் போன பிறகு, பென்ஷன் வந்த பிறகுதான் இது வீட்டுக்குள் நுழைந்தது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் கணக்கில் காட்டவே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் எளிய முதல் படிவம் பொருந்தாது. மற்ற வருமானமும் வரம்பைத் தாண்டினால், விகிதம் கணக்கிட அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

2006இல் இரண்டு விஷயம் நடந்தது. கம்பெனிகளுக்கு மின்வழித் தாக்கல் கட்டாயமானது. அதே வருஷம், வேலையில்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வரித்தாக்கல் தயாரிப்பாளர் ஆக்கும் திட்டமும் வந்தது. புதிதாக ஒருவரை வரிக்குள் கொண்டுவந்தால் முதல் வருஷம் கட்டிய வரியில் 3 சதவீதம், அடுத்து 2, அடுத்து 1 என்று அரசே ஊக்கத்தொகை தரும். தயாரித்தவர் தன் அடையாளத்தோடு கையெழுத்தும் போட வேண்டும். யோசித்துப் பாருங்கள், உத்திரமேரூர் விதிதான் இது. எழுதியவர் தெரிகிறார். கூலியும் கட்டிய வரியை ஒட்டி வருகிறது, திரும்ப வாங்கிய பணத்தை ஒட்டி இல்லை.

ஆனால் நடைமுறையில் பரவியது வேறு. வாடிக்கையாளரின் கடவுச்சொல்லை வாங்கி, அவரே உட்கார்ந்து போட்ட மாதிரி தாக்கல் செய்வது. 2015க்குப் பிறகு பெங்களூருக்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் அனுப்பும் வேலையும் இல்லை. ஆதார் ஓடிபி போதும். "ஐயா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பார்கள். அந்த ஆறு எண்தான் உங்கள் கையெழுத்து. "இதில் உள்ளதெல்லாம் உண்மை" என்ற உறுதிமொழி அதற்குள் இருக்கிறது. எழுதினவன் மறைந்துவிட்டான், வரி கட்டுகிறவன் மட்டும் மிச்சம்.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடத்தியது. குறி, போலிக் கழிவு போட்டுத் தரும் இடைத்தரகர்கள். துறை வெளியிட்ட அறிக்கையில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. கமிஷன் பேசி ரீஃபண்டு வாங்கித் தருவது, மொத்தமாகத் தாக்கல் செய்யத் தற்காலிக மின்னஞ்சல் உருவாக்கிப் பிறகு கைவிடுவது, நோட்டீஸ் படிக்கப்படாமல் கிடப்பது எல்லாம் அதில் இருந்தது. நம்ம வாத்தியார் கதை அப்படியே! அதற்கு முந்தைய நாலு மாசத்தில் சுமார் 40,000 பேர் தாமாகவே திருத்தி, 1,045 கோடி ரூபாய் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் சொன்னார்கள்.

அப்போ ஒழுங்கான கடை எப்படி இருக்கும்?

இந்தத் தொழில் தப்பில்லை. திருக்கடையூரில் அது தேவையும்கூட. லாட்ஜ்காரருக்கு அறை வாடகையில் ஜிஎஸ்டி உண்டு. சடங்கு நடத்தும் சாஸ்திரிகளின் சேவைக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் வருமானம் வருமானம்தான். சமையல்காரர், போட்டோகிராபர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. இவர்களெல்லாம் தனியாகப் போர்ட்டலோடு மல்லுக்கட்ட முடியாது.

பழைய ஆவணங்களிலிருந்து எனக்குக் கிடைத்தது மூன்று. எழுதினவன் பெயர் இருக்கணும். துறையில் பதிவு செய்த இடைத்தரகராகத் தன் கணக்கிலிருந்தே தாக்கல் செய்தால் அந்தப் பெயர் நிற்கும். இரண்டாவது, எழுதியதை இன்னொரு கணக்கோடு ஒத்துப் பார்க்கணும். 2021இலிருந்து ஆண்டுத் தகவல் அறிக்கை போர்ட்டலிலேயே கிடைக்கிறது. பாங்கு வட்டி, பங்கு விற்பனை எல்லாம் அதில் ஏறியிருக்கும். அதையும் வாடிக்கையாளர் கொடுத்த ரசீதுகளையும் பக்கத்தில் வைக்காமல் ஒரு எண்கூடப் போடக்கூடாது. மூன்றாவது, கணக்கு உரியவன் வீட்டில் இருக்கணும். அவர் சொந்த மின்னஞ்சல், சொந்தக் கைப்பேசி எண், தாக்கல் செய்ததின் முழுப் படி. ஓடிபி கேட்கும் முன் தொகையை வாய்விட்டுப் படித்துக் காட்டணும். கூலி ஒரே தொகையாக இருக்கணும். ரீஃபண்டில் பங்கு என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தவறாகக் காட்டிய வருமானத்துக்கு வரியில் 200 சதவீதம்வரை அபராதம் போகலாம், அதை அந்தக் கடை கட்டாது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டம் போய் 2025 சட்டம் வந்திருக்கிறது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் ஒரே 'வரி ஆண்டு'. நல்லதுதான். பசலிக்கும் ஆங்கில வருஷத்துக்கும் 590 கூட்டிக் கழித்த ஊர் நாம், இதையும் பழகிக்கொள்வோம்.

வாத்தியார் இப்போது தானே உட்கார்ந்து போடுகிறார். மருமகள் பக்கத்தில் இருந்து படிக்கிறாள், அவர் ஒரு பழைய ரூல்டு நோட்டில் ஒவ்வொரு எண்ணையும் எழுதி டிக் போடுகிறார். நோட்டின் முதல் பக்கத்தில் 'எழுதியவர்' என்று போட்டுத் தன் பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறார்.