ஓரணாவில் தொடங்கிய பள்ளிச் சோறு

பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாமா என்பதில் தமிழ்நாட்டில் பெரிய சண்டை நடந்ததில்லை. அந்தச் சோற்றை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் நூறாண்டுத் தகராறு.

முதல் கணக்கு ஓரணா. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், 1920 செப்டம்பரில் மாமன்றத்தில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம். செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் இது பரவியது. திட்டம் நடந்த பள்ளிகளில் 1922–23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924–25இல் 1,671 ஆனது. ஆனால் தொடக்கக் கல்விக்கென ஒதுக்கிய நிதியில் உணவுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடை போட்டது. 1925 ஏப்ரலோடு சிற்றுண்டி நின்றது. சாப்பாடு கல்விச் செலவில் சேராது என்று அந்த அரசு முடிவு செய்ததுதான் காரணம், பணத்தட்டுப்பாடு அல்ல.

அடுத்த கணக்கு பத்துப் பைசா. ஆடு மேய்க்கும் சிறுவனிடம் முதலமைச்சர் காமராசர், ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டதும், போனால் சோறு கிடைக்குமா என்று அவன் திருப்பிக் கேட்டதும் தமிழ்நாடே அறிந்த கதை. நடந்த இடம் சேரன்மாதேவி என்பார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் ஊர் மாறும். ஊர் எதுவானாலும், 1950களின் நடுவில் பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு கையிலெடுத்த வேலை கதையல்ல. அரசிடம் பணம் கேட்டு நின்றால் கோப்பு நகராது என்பது அவருக்குத் தெரியும். ஊராரிடம் அரிசியும் பருப்பும் விறகும் காய்கறியும் திரட்டி, பள்ளியிலேயே சமைத்துப் போடும் ஏற்பாடாக அது தொடங்கியது. 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதைத் தொடங்கி வைத்தார். 1957 நவம்பரில் அரசு பங்குக்கு வந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று மதிப்பிட்டு, ஆறு பைசாவை அரசும் நாலு பைசாவை ஊரும் ஏற்பதென முடிவானது. ஊர்ப் பங்கு வராத இடத்தில் அடுப்பு எரியாது என்பது இந்த ஏற்பாட்டின் பலவீனம். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் அனுப்பி அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தது.

1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்தப் பங்குக் கணக்கையே தூக்கி எறிந்தது. முழுச் செலவும் அரசுடையது. முதலில் கிராமப்புற அங்கன்வாடிக் குழந்தைகளுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் அது விரிந்தது. இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாதார நிபுணர்கள் கேட்டார்கள். சிறுவயதில் தானும் பட்டினி கிடந்தவன் என்பதே எம்.ஜி.ஆர். திரும்பத் திரும்பச் சொன்ன பதில். நிதி அறிக்கையில் அதற்கு இடமில்லை, தேர்தலில் இருந்தது.

அதன்பின் எந்த ஆட்சியும் இதில் கை வைக்கத் துணியவில்லை. ஒவ்வோர் ஆட்சியும் தட்டில் எதையாவது சேர்க்கவே பார்த்தது. முட்டையின் வரலாறே போதும். 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று, 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் பள்ளி நாள்தோறும் ஒன்று. இவை எல்லாம் கருணாநிதி ஆட்சியில் நடந்தவை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். தினம் சாம்பார் சாதமே தின்று சலித்த பிள்ளைகளுக்கு 2013இல் ஜெயலலிதா கலவை சாதங்களையும் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை போன்றவற்றையும் கொண்டுவந்தார்.

மற்ற மாநிலங்களில் கதை வேறு. 1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆனால் பெரும்பாலான மாநிலங்கள் சமைக்காமல், மாதம் மூன்று கிலோ தானியத்தைப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பின. அது வீட்டுக்கே போனது, பிள்ளையின் தட்டுக்கு அல்ல. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சமைத்த உணவுதான் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள் என்று அளவும் குறித்தது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்ட உரிமையாக்கியது.

அதே வழக்கில் 2004இல் வந்த இன்னோர் உத்தரவு அதிகம் பேசப்படாதது: சமையல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தலித், பழங்குடி மக்களுக்கு முன்னுரிமை. ஏன் அது தேவைப்பட்டது என்பதற்கு வடநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தகராறு செய்ய, அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே உத்தரவு ரத்தானது. 2023 செப்டம்பரில், காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்த அதே எட்டயபுரம் பக்கத்தில், உசிலம்பட்டி என்ற கிராமத்துப் பிள்ளைகள் பள்ளியில் தலித் பெண் சமைத்த காலை உணவைச் சாப்பிடவில்லை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. ஒரே பந்தியில் உட்கார வைப்பதும் இந்தத் திட்டத்தின் வேலைதான். அது பாதிதான் முடிந்திருக்கிறது.

மறக்கக் கூடாத நாள் இன்னொன்று உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டது அதன் பிறகுதான்.

காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைக்கு மதிய மணி அடிக்கும்வரை பாடம் ஏறாது. இதற்காக 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1,545 பள்ளிகளில் ஆரம்பித்த அது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். செலவு முழுக்க மாநிலத்துடையது.

மதிய உணவின் கணக்கு அப்படியல்ல. பிஎம் போஷண் என்று 2021இல் பெயர் மாறிய மத்தியத் திட்டத்தில் அரிசியை மத்திய அரசு தருகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் செலவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு அறுபது சதவீதம் அதன் பங்கு, மீதி மாநிலத்தின் பங்கு. 2025 மே முதல் இந்தத் தொகை தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 6 ரூபாய் 78 காசு, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 10 ரூபாய் 17 காசு. முட்டைக்கான செலவைத் தமிழ்நாடு தன் கையிலிருந்து போடுகிறது.

அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஒவ்வொரு சத்துணவு மையமும் பெரும்பாலும் பெண்களால் நடக்கிறது. முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு இவர்கள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். மத்தியத் திட்டம் குறித்த மதிப்பூதியத்துக்கு மேல் தமிழ்நாடு தன் கருவூலத்திலிருந்து கூடுதலாகத் தருகிறது. சில மாநிலங்களில் அதுவும் இல்லை. பருப்பும் எண்ணெயும் விலை ஏறியதை டெல்லி ஏற்றுக்கொண்டு, 2024 டிசம்பரில் ஒரு முறையும் 2025 மேயில் மறுமுறையும் பொருள் செலவை உயர்த்தியது. சமைப்பவருக்கு 2009இல் அது எழுதி வைத்த மதிப்பூதியம் மாதம் ஆயிரம் ரூபாய். இந்த இரண்டு உயர்வுகளின்போதும் அந்த ஆயிரத்தை யாரும் தொடவில்லை. அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும்.